துரைசாணிக்கு இடம் கேட்ட கடிதம்

எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் உலகத்துக் கப்பல் முழுவதும் ஒரே நேரத்தில் வந்து நின்றாலும் இன்னும் இரண்டு தோணிக்கு இடம் மிஞ்சும். ஆனால் இக்னேசியஸ் மாமாவின் பாம்பு நீட்டி நிமிர்ந்து படுத்தால் அந்த இடம் காணாது. தலை ஓர்ஸ் ஹில்லில் இருக்கும். வால் குடாவைத் தாண்டிக் கட்டைபறிச்சானில் ஆரோ ஒருவரின் மாட்டுப்பட்டியைத் தடவிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் அது கொட்டாவி விட்டால் சம்பூர்ப் பக்கத்து மீன்பிடிகாரர் காற்று மாறிவிட்டதென்று பாயை இறக்குவார்கள். ஒருமுறை பசி பொறுக்காமல் இழுவைப் படகொன்றை விழுங்கிவிட்டது. மூன்று நாளாக என்ஜின் வயிற்றுக்குள் டக் டக்கென்று ஓடியது.

இவ்வளவும் நான் சொன்னவை. முத்தலிப் காக்காவின் சைக்கிள் கடை வாசலில் இருந்துகொண்டு, ஒரு துண்டு மாங்காய்க்கு ஒரு பொய் என்ற கணக்கில் பெடியன்களுக்கு அவிழ்த்து விட்டவை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்றும் சிலர் சொல்லுவார்கள். அதற்குப் பிறகு காக்காவின் கடையில் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டேன். ஒட்டுக் காயும் மட்டும் வாய் சும்மா இருக்குமா?

பாம்பின் உண்மையான நீளம் ஆறடி இரண்டு அங்குலம். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தவன் நான்.

இக்னேசியஸ் மாமா எனக்கு உறவில்லை. ஓர்ஸ் ஹில் ஏற்றம் தொடங்குகிற இடத்தில், உட்துறைமுகத்தைப் பார்த்த கடைசி வீட்டில் தனியே இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. துறைமுகத்தில் சுழியோடி. செம்புத் தொப்பியைத் தலையில் பூட்டி, ஈயச் சப்பாத்தோடு கடலடிக்கு இறங்கிக் கப்பலுக்குக் கீழே வேலை செய்கிறவர். சின்ன வயதில், வெள்ளைக்காரரின் கடற்படைக் கப்பலில் இருந்து எறிகிற சில்லறைக்குக் குதித்தாராம். அதைக் கண்ட ஒரு துரை பத்தொன்பது வயதில் வேலைக்குப் பிடித்தாராம். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம் முழுக்கக் கடலுக்கு அடியில் கிடந்த இரும்பைக் கிளப்பினாராம். வெள்ளைக்காரர் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகும் அதே தொப்பி, அதே கடல், சம்பளம் மட்டும் வேறு கந்தோரில் இருந்து வந்ததாம். இந்த ‘ஆம்’ எல்லாம் நானாகப் பொறுக்கிச் சேர்த்தவை. மாமா எதையும் இரண்டு வசனத்துக்கு மேல் சொல்லமாட்டார்.

அவருக்குக் காது கேளாது. ஒருநாள் ஆழத்தில் இடது காது வெடித்துவிட்டது. வலது காது, வெட்கப்பட்ட விருந்தாளி மாதிரி, சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிப் போய்விட்டது. அவருடைய மனைவி மக்டலின் மாமி காய்ச்சலில் செத்தபோது எனக்கு நாலு வயது. பெட்டிக்கு ஆணி அடித்த சத்தம் அந்த மனுசனுக்குக் கேட்காததே நல்லது என்று அம்மா இப்போதும் சொல்லுவா. பிள்ளைகள் இல்லை. ஆட்களின் வாயைப் பார்த்துத்தான் கதை விளங்கிக்கொள்ளுவார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் அவருக்கு நாம் அந்த இடத்தில் இல்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினார்கள்.

பாம்பு வந்தது அறுபத்தாறாம் ஆண்டு. தேயிலை ஏற்ற வந்த ஒரு கப்பலின் அடியில் சுழல்கிற காற்றாடியில் வடம் சுற்றிக்கொண்டது. மாமா இறங்கி இரண்டு நாளாக வெட்டி எடுத்தார். கடைசி வேலைகளில் அதுவும் ஒன்று. மேலே வந்து தொப்பியைக் கழற்றினபோது, கப்பலில் சமைக்கிற தென்னமெரிக்காப் பக்கத்துக் குசினிக்காரன் ஒருவன் ஒரு பிஸ்கட் தகரத்தோடு பக்கத்தில் குந்தியிருந்தானாம். தகரத்துக்குள் முழங்கை நீளத்தில் ஒரு பாம்புக் குட்டி. கப்டன் கண்டுவிட்டான், பொழுதுபட முதல் கடலில் எறியச் சொல்லிவிட்டான் என்று கையாலே காட்டினான். மாமா தன் கையைக் காட்டினார், தாவென்று. குசினிக்காரன் அழுகிற முகத்தோடுதான் இருந்தான். ஆனாலும் மாமாவின் மணிக்கட்டை மறக்காமல் பார்த்தான். தண்ணீருக்குள் ஓடுகிற கடற்படை மணிக்கூடு. மாமா கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பதிலாக, பாம்போடு ஒரு மட்டைத் துண்டும் கிடைத்தது. குசினிக்காரன் அதில் படம் படமாகக் கீறிக் கொடுத்திருந்தான். ஒரு எலி, பக்கத்தில் பதினாலு கோடு: பதினாலு நாளுக்கு ஒருக்கால் சாப்பாடு. ஒரு கிண்ணம் தண்ணீர். ஒரு சூரியன்: சூடு வேண்டும். வீங்கின வயிறு, அதன் மேல் ஒரு கை, கையின் மேல் பெருக்கல் அடையாளம் மாதிரிப் பெரிய புள்ளடி: சாப்பிட்ட பிறகு தொடாதே. வெள்ளையாய்ப் பூத்த கண், அதற்கும் புள்ளடி: தோல் உரிக்கிற நேரம் தொந்தரவு செய்யாதே. அடியில் இரண்டு வரி எழுத்தும் இருந்தது. எனக்கு அந்தப் பாஷை தெரியும் என்று சொல்லி, “இந்தப் பாம்பு பெடியன்களுக்கு மரியாதை கொடுக்கும்” என்று வாசித்துக் காட்டினேன். மாமா என் வாயைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார். மட்டையை இருதயநாதர் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் கொளுவினார்.

அதன் இனத்துக்குப் பேர் ‘போவா’ என்று குசினிக்காரன் சொன்னதாக மாமா சொன்னார். ஊர் தனக்குத் தெரிந்த மலைப்பாம்பின் பேரில் அதை வெங்கிணாந்தி என்றது. நான்தான் துரைசாணி என்று பேர் வைத்தேன். கப்பலில் வந்தவள், வெயில் வேண்டும், வேலை இல்லை, பதினாலு நாளுக்கு ஒருக்கால் சாப்பாடு மட்டும் மேசைக்கு வரவேண்டும். வேறு என்ன பேர் வைக்கிறது?

கோயில் பெண்கள் கூட்டத்தில் பெரிய கதை. “மாதாவின்ரை காலுக்குக் கீழை கிடக்கவேண்டியதை இந்த மனுசன் கட்டிலுக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறார்” என்று அம்மாவே சொன்னா. வேலிக்கு அந்தப் பக்கம் கோழி வளர்த்த ரபீக்கா ராத்தா என்னை மறித்துக் கேட்டா.

“டேய் லாசர், அல்லாவுக்காக உண்மையைச் சொல்லு. அது கோழி பிடிக்குமா?”

“கோழியோ? அது ஆட்டைத்தான் பார்க்கும், ராத்தா. கோழி அதுக்குப் பல்லிலை ஒட்டும்.”

“நாசமாப் போவான்! எங்கட வெள்ளாடு?”

“பேர் கேட்டது. ‘ரபீக்காட ஆடு’ எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

ராத்தா அழுது, ஆட்டைக் கின்னியாவில் இருந்த தங்கச்சி வீட்டுக்கு அனுப்பி, மாமாவின் வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போட்டா. மாமாவுக்குச் சத்தம் கேட்கவில்லை. வாயின் வேகம் விளங்கியது. உள்ளே கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டினார். கப்பல் பலகையில் அடித்த பெட்டி, முன்பக்கத்தில் பழைய படகொன்றின் யன்னல் கண்ணாடி, மேலே இரண்டு கொண்டி, இரண்டிலும் பூட்டு. ஒரு பூட்டின் திறப்பு அவர் கழுத்தில் செபமாலையோடு, மற்றது அலுமாரியில். மாரிக்குளிரில் பெட்டிக்கு வெளியே அரிக்கன் லாம்பு. கண்ணாடி சுடாத தூரத்தில் கம்பி கட்டி வைத்திருந்தார். ராத்தா போகும்போது மாமாவை அண்ணன் முறை வைத்துக் கேட்டது ஒன்றுதான்: “இவ்வளவு பூட்டுப் போட்டு ஆரை வைச்சிருக்கிறீங்க, நானா? அதையா, உங்களையா?” அவ முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கேட்டதால் மாமாவுக்கு அது போய்ச் சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. வழக்கமாக அந்த மாதிரிக் கதைக்கு நான் சிரிப்பவன். அன்றைக்குச் சிரிக்க வரவில்லை.

நான் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கியது எலிக்காக. துறைமுகக் கிடங்குகளில் எலிக்கு நஞ்சு வைப்பார்கள். அந்த எலி வேண்டாம், நஞ்சு தின்ற எலியைத் தின்றால் அவளும் போய்விடுவாள் என்று மாமா சொன்னார். ஆகவே அம்மாவின் அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் கூடு வைத்து நான் பிடித்துக் கொடுத்தேன். உயிரோடு போடமாட்டார். எலி கடித்துப் பாம்புக்குக் காயம் வருமாம். செத்த எலியை நீண்ட இடுக்கியால் பிடித்து நீட்டுவார்.

ஆனால் எலி கொடுத்தவுடன் என்னைப் போக விடவில்லை. ஒரு மெல்லிய வடத்தை எடுத்துத் தன் இடது கையில் கட்டி, மறு முனையை என்னிடம் தந்து, வாசற்படியில் இருக்கச் சொன்னார்.

“என்னத்துக்கு மாமா?”

“கயிற்றாள் இல்லாமல் நான் ஒருநாளும் இறங்கினதில்லை.”

சுழியோடிகளின் சட்டம் அது. கீழே போகிறவனின் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவனின் கையில். ஒரு இழுவை: நான் சுகம். இரண்டு: கயிற்றை விடு. நாலு: என்னைத் தூக்கு. கீழே இருந்து எத்தனை வந்ததோ அத்தனையை மேலே இருக்கிறவன் திருப்பி இழுக்கவேண்டும். அப்போதுதான் அவன் நித்திரை இல்லை என்று தெரியும். பத்தொன்பது வருசம் அவருக்குக் கயிறு பிடித்தவர் பற்றிக் என்று ஒருவர். அவர் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஒரு நத்தாருக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்துக் காட் வந்தது. அடுத்த நத்தாருக்கு வரவில்லை.

ஆறடிப் பாம்பு ஆளைக் கொல்லாது. ஆனாலும் பசியில் கையை எலி என்று நினைத்துச் சுற்றினால் ஒரு கையால் அவிழ்க்க ஏலாது. கத்தினாலும் மறுமொழி அவருக்குக் கேட்காது. அதனால்தான் கயிறு. நாலு இழுவை வந்தால் நான் ஓடிப்போய் மேசையில் நிற்கிற சாராயப் போத்தலைத் திறந்து பாம்பின் வாயில் ஊற்றவேண்டும்; ஊற்றினால் விடுமாம். அந்தப் போத்தலைக் கண்ட ஊர், மாமா தனியே இருந்து குடிக்கிறார் என்றது. நான் பாம்புதான் குடிக்கிறது, மாமா கடலை வறுத்துக் கொடுக்கிறார் என்றேன்.

மூன்றாம் தரம் போன அன்று, சும்மா இருக்க ஏலாமல், நாலு தரம் நானே இழுத்தேன். மாமா இடுக்கியைப் போட்டு, பெட்டியை அடித்துச் சாத்தி, கொண்டியைப் பூட்டி, வெளியே ஓடி வந்து என்னைத் தலையில் இருந்து கால்வரை தடவிப் பார்த்தார். மேலே இருந்து நாலு வந்தால் கயிற்றாளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தமாம். எனக்கு அது தெரியாது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“பகிடி முழுக்க வெளியிலை செய். கயிற்றிலை வேண்டாம்” என்றார். அடிக்கவில்லை. பதினாலாம் நாள் திரும்பவும் கயிற்றை என்னிடமே தந்தார். ஒரு அடி போட்டிருந்தால் மறந்திருப்பேன்.

பிறகு சனிக்கிழமைகளில் சாப்பாட்டு முறை இல்லாவிட்டாலும் போனேன். கதவைத் தட்டிப் பிரயோசனம் இல்லை. பலகைத் தரையில் காலால் ஓங்கி ஒரு உதை விடுவேன். அதிர்வு கால் வழியே ஏறி மாமா தலையைத் திருப்புவார். அதே நேரத்தில் பெட்டிக்குள்ளே துரைசாணியும் தலையைத் தூக்குவாள். பாம்புக்கும் காது இல்லைத்தானே. இரண்டு தலையும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்க்கும். எங்கள் வீட்டில் நான் வந்தால் திரும்பிப் பார்க்க ஆருமில்லை. ஐந்து பேருக்குள் நான் நடு. இதைக் கடையில் சொன்னதில்லை. சொன்னால் மாங்காய் கிடைக்காது.

அறுபத்தொன்பதாம் ஆண்டு தை மாதம், சிலாபத்தில் இருக்கிற மாமாவின் தங்கச்சி மாகிரட்டிடம் இருந்து கடிதம் வந்தது. மாமாவுக்கு ஒப்பம் வைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அவருக்குப் படிப்பாளி நான்தான். அதில் இருந்தே அவருடைய நிலைமை விளங்கும். வாயைப் பெரிதாகத் திறந்து வாசித்தேன். “அண்ணா, இனியும் நீங்கள் அங்கே தனியக் கிடக்கவேண்டாம். பின்னறை வெறுமையாக இருக்கிறது. பாஸ்குவுக்கு முதல் வாருங்கள். அதற்குப் பிறகு மருமகளின் தாய் வந்துவிடுவா. பிள்ளைகள் மாமா எப்போது வருவார் என்று கேட்கிறார்கள். ஆனால் அந்தச் சீவனை இங்கே கொண்டுவர ஏலாது. எனக்கு நெஞ்சு வருத்தம்.”

மாமா ‘பிள்ளைகள்’ என்ற இடத்தை இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொருக்கால் என்றார்.

“அப்ப பாம்பைக் காட்டிலை விடுங்கோவன்” என்றேன்.

“அவளுக்கு இந்தக் காடு தெரியாது. குளிருக்குச் சாவாள், இல்லாட்டி ஆரேன் அடிப்பினம். நான் கேட்டு வாங்கினது. ஒருத்தற்றை கையிலை குடுத்திட்டுத்தான் போவன்.”

ஆகவே விசயம் இதுதான்: பாஸ்குவுக்கு, அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு, முதல் துரைசாணிக்கு ஒரு நல்ல இடம் கிடைத்தால் மாமாவுக்குச் சிலாபத்தில் ஒரு வீடு, பிள்ளைகள், சோறு. கிடைக்காவிட்டால் இந்தக் கடைசி வீடும் அரிக்கன் லாம்பும்.

இடம் சொன்னவர் முத்தலிப் காக்கா. புத்தளத்தில் அவருடைய பெண்சாதி வழியில் சரீப் ஹாஜியார் என்று ஒருவர், தென்னந்தோட்டத்துக்குள் மானும் மயிலும் வளர்க்கிறாராம், பாம்புகளுக்குக் கண்ணாடி வீடே கட்டியிருக்கிறாராம். “புத்தளத்திலை இருந்து சிலாபம் ஒரு பஸ்தானே, நானா. நினைச்ச நேரம் போய்ப் பார்க்கலாம்” என்று காக்கா மாமாவின் முகத்துக்கு நேரே நின்று சொன்னார். மாமா சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். முன்பல் ஒன்று இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஹாஜியாருக்கு மதிப்பும் வணக்கமும். வயது மூன்று. பதினாலு நாளுக்கு ஒரு எலி, செத்தது, நஞ்சு இல்லாதது. கண் பூத்தால் தொடவேண்டாம். கடிக்கிற பழக்கம் இல்லை, இரண்டு தரம் கடித்தது, அது என்னுடைய பிழை, கையில் எலி மணம் இருந்தது. மழைக்கு முதல் ஒரு மாதிரிச் சுருண்டு படுப்பாள், அது வருத்தம் இல்லை.

“மாமா, நாங்கள் கலியாணப் பேச்சோ எழுதிறம்? சீதனம் எவ்வளவு எண்டு போடட்டோ?”

“பெட்டியும் தாறன், மட்டையும் தாறன் எண்டு போடு” என்றார், சிரிக்காமல். அவருடைய வாழ்நாளில் அவர் அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான் இருக்கும். இரண்டு பக்கம் வந்தது. ஒப்பம் வைத்தார். முத்திரை ஒட்டி என்னிடம் தந்தார்.

தபாற்கந்தோருக்குச் சைக்கிளில் போனேன். வாசலில் எங்கள் ஊர்த் தெரு மான் ஒன்று நின்றது, அதைத் துரத்தினேன். பிறகு சைக்கிள் செயின் கழன்றது. பிறகு திங்கட்கிழமை போடலாம் என்று யோசித்தேன். திங்கட்கிழமை கடையில் வேலை. ஒரு கடிதத்தைப் பெட்டிக்குள் போட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டீர்களானால், எனக்கும் தெரியும். நான் அந்தப் பெட்டியைத் தாண்டி நாளுக்கு ஆறு தரம் போனவன். கடிதம் கடையில் ஒட்டுத் துண்டுகள் வைக்கிற பெட்டிக்குக் கீழே இருந்தது.

மாமா மறுமொழிக்குக் காத்திருந்தார். தபால்காரர் அபூதாஹிரின் சைக்கிள் மணி அவருக்குக் கேட்காது என்பதால் காலை ஒன்பது மணிக்கே படலைக்கு வந்து நிற்பார். அபூதாஹிர் பத்தரைக்குத்தான் வருவார். ஒன்றரை மணித்தியாலம் வெயிலில், வெளுத்த சட்டையோடு, ஏதோ கப்பல் பார்க்கிற மாதிரி. அபூதாஹிர் தூரத்திலேயே தலையை ஆட்டுவார். மாமா கையை ஒருக்கால் தூக்கிவிட்டு உள்ளே போவார். இவ்வளவும் சைக்கிள் கடையில் இருந்து நன்றாகத் தெரியும். காக்கா ஒருநாள் சொன்னார்: “ஹாஜியார் மறுமொழி போடாத ஆள் இல்லையேடா. என்ன நடந்ததோ?” நான் ரியூப்பைத் தண்ணீரில் அமத்தி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஓட்டை இல்லை.

மாசி நடுவில் தங்கச்சியிடம் இருந்து இரண்டாம் கடிதம். “அண்ணா, வருகிறீர்களா இல்லையா? பின்னறைக்கு வெள்ளையடித்துவிட்டோம்.” அதை வாசித்த அன்று மனம் வைத்துத்தான் வெளிக்கிட்டு வீட்டுக்குப் போனேன். சத்தியமாக மறுநாள் கடிதத்தைப் போட இருந்தேன். மறுநாள் விடியும்போது எனக்குக் கொப்பளிப்பான். பெரிய பொய்க்காரனுக்குச் சரியான நேரத்தில் ஒரு உண்மையான வருத்தம்!

மூன்று கிழமைக்கு மேல் அம்மா வேப்பிலையும் தானுமாக என்னை அறையை விட்டு வெளியே விடவில்லை. படுத்துக்கொண்டு நாள் எண்ணினேன். துரைசாணிக்குச் சாப்பாட்டு முறை ஒன்று தப்பியது. பிறகு இரண்டாவதும். வேறு ஆரையாவது கயிறு பிடிக்க வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொன்னேன். ஆரை? ரபீக்கா ராத்தாவையா?

தலையில் தண்ணீர் வார்த்த அடுத்த நாள், பங்குனி, சனிக்கிழமை. ஒரு எலியோடு போனேன். தரையில் உதைத்தேன். இரண்டு தலையும் திரும்பின. மாமா எழும்பி வந்து என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, தழும்பு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“கண்ணுக்கை வரேல்லையே?”

“இல்லை மாமா. துரைசாணி சாப்பிட்டவளோ?”

“கயிற்றாள் இல்லாமல் எப்பிடித் திறக்கிறது?”

முப்பத்தெட்டு நாள். தண்ணீர் மட்டும், மேல் கதவை ஒரு விரல் அகலம் தூக்கி, குழாயால் வார்த்திருக்கிறார். பாம்பு இன்னும் மாதக்கணக்கில் தாங்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவளுடைய விலாவில் தோல் ஒரு மடிப்பு விழுந்து கிடந்தது. கயிற்றைக் கட்டினோம். ஒரு இழுவை வந்தது. ஒரு இழுவை கொடுத்தேன். அவள் எலியை எடுத்த வேகத்தைக் கண்ணாடி வழியே கண்டேன். மாமா கொண்டி இரண்டையும் பூட்டி, சவுக்காரம் போட்டுக் கை கழுவி, கதிரையில் இருந்தார்.

“நீ ஒருத்தன்தான் எனக்கு இருக்கிறாய். நீ படுத்தால் அவளுக்குச் சாப்பாடில்லை” என்றார். “இது சரிவராது. அதுதான் கச்சேரிக் கந்தோர் வாசலிலை மனு எழுதிற ஆளைப் பிடிச்சு, ஹாஜியாருக்கு இன்னொரு கடிதம் போட்டனான்.”

நான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.

“மறுமொழி வந்திருக்கு. இந்தா, வாசி.”

சட்டைப் பையில் இருந்து எடுத்துத் தந்தார். நீல மை, நல்ல எழுத்து. கண்ணால் ஓட்டினேன். “அன்பின் இக்னேசியஸ் அவர்களுக்கு. தங்கள் கடிதம் கிடைத்தது. தை மாதமும் ஒன்று எழுதியதாகச் சொல்கிறீர்கள். அப்படி எதுவும் எனக்கு வரவில்லை. வந்திருந்தால் அப்போதே ஆள் அனுப்பியிருப்பேன். குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள் சனிக்கிழமை என் லொறி திருகோணமலைக்கு வருகிறது. பாம்பையும் பெட்டியையும் அதில் ஏற்றலாம், விரும்பினால் நீங்களும் கூடவே வரலாம். அதற்கென்று தனி அறை, வெயில் விழுகிற பக்கம். நீங்கள் எந்த நாளும் வந்து பார்க்கலாம்.”

லொறிக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.

மாமா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். யன்னலால் கடல் வெளிச்சம் அவருடைய பாதி முகத்தில் விழுந்தது. நான் கடிதத்தை நிமிர்த்திப் பிடித்தேன். வாயைப் பெரிதாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாக வாசித்தேன்.

“அன்பின் இக்னேசியஸ் அவர்களுக்கு. தங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. மிகவும் மன்னிக்கவும். எங்களிடம் இப்போது இடம் இல்லை. பாம்பு வீடு நிரம்பிவிட்டது. அடுத்த வருசம் பார்க்கலாம்.”

“அவ்வளவுதானோ?”

“ஓம்.”

“நீளமாய்க் கிடக்கு. ரெண்டு பக்கமும் எழுதியிருக்கு.”

“பெரிய ஆக்கள் அப்பிடித்தான் மாமா. இல்லை எண்டு சொல்லவும் ரெண்டு பக்கம் எழுதுவினம்.”

மாமா பெட்டியின் பக்கம் திரும்பினார். பெட்டிக்குள் எலி மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. வால் மட்டும் வெளியே.

“அபூதாஹிர் முந்தநாள் இந்தக் கதிரையிலை இருந்து மூண்டு தரம் வாசிச்சவன்” என்றார். “மூண்டு தரமும் லொறி வந்தது.”

நான் கடிதத்தைப் பார்த்தேன். எழுத்து ஓடவில்லை, அங்கேயேதான் இருந்தது.

“முதல் கடிதம் எங்கை?”

“கடையிலை. ஒட்டுப் பெட்டிக்குக் கீழை.”

“எடுத்து வா. அவள் எப்பிடிப் படுப்பாள், எப்பிடிச் சாப்பிடுவாள் எண்டு அதிலைதான் வடிவா இருக்கு. மனு எழுதிறவன் அரைப் பக்கத்திலை முடிச்சுப்போட்டான்.” குரலில் கோபம் இல்லை. அவருக்குத் தன் குரல் கேட்காது; கோபம் வந்தால் கத்துவார். கத்தவில்லை. “என்னத்துக்கடா செய்தனீ? நானும் அவளும் போனால் சனிக்கிழமையிலை எங்கை போறது எண்டோ?”

“எனக்கோ? எனக்கு எத்தினை வேலை கிடக்கு, மாமா! சனிக்கிழமையிலை கடையிலை நிக்க நேரம் காணாது. இஞ்சை வாறதே காக்கா துரத்திறதாலைதான். நீங்கள் போனால் எனக்கு நல்லது, எலி பிடிக்கிற கரைச்சலும் இல்லை.”

மாமா என் வாயில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. கதிரையை ஒரு அடி கிட்ட இழுத்தார்.

“இதையும் அந்தக் கடிதத்திலை இருந்தோ வாசிக்கிறாய்?” என்றார்.